மின்னல் அடித்த கம்ப்யூட்டர்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நீட்டிக்கங்க தம்பி. இந்தப் பொட்டி மேல பட்டுறப் போவுது. இல்லீங்க, கீழ வெக்க முடியாது. ஏறுனதும் கீழதான் வெச்சேன். குமாரபாளையம் தாண்டறதுக்குள்ள அது ஆடுன ஆட்டத்தைப் பாத்துட்டு மடியில தூக்கி வெச்சுக்கிட்டேன். கண்டக்டரு லக்கேஜுன்னு தனி டிக்கெட்டுப் போட்டுட்டாரு. மடியில இருக்கறதுக்கு ஏனுங்க லக்கேஜுன்னு கேட்டா, கொழந்தைன்னா சும்மா உடுவேன், இது கொழந்தைங்களான்னு கேக்கறாரு. அவருகிட்ட என்னத்தைச் சொல்றது?

கம்ப்யூட்டருங்க. டிவியாட்டம் இருக்கறது ஊருலயே இருக்குது, இது அதோட பொட்டி. உங்களுக்குத் தெரியாததா, லேப்டாப் பை மாட்டியிருக்கறீங்களே. துண்டு போட்டுச் சுத்தியிருக்கறதாலதான் கேட்டிருக்கறீங்க. எல்லாரும் கேக்கறாங்க. பவானியில எறங்குன அம்மா சாமி செலையான்னு கேட்டுது.

நீங்க எந்த ஊருங்க? மதுரையா? நம்ம பக்கம் ஒறம்பரை யாரும் இல்லீங்களே? சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி, எங்கயும் பொண்ணு எடுத்த எடம், குடுத்த எடம் இல்லீங்களே? அப்பச் சரி. அப்பச் சொல்றேன். ஒரு மாசமா இதை முழுசா ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க. எங்க ஊருல ஒருத்தர்கிட்டச் சொன்னா அது பொழுது சாயறதுக்குள்ள சம்பந்தி ஊட்டு வாசல்ல போயி நிக்கும்.

என்ற பேரு அர்த்தநாரி. சங்ககிரிக்கு இந்தப் பக்கம் ரோட்டு மேலயே எடை மேடை வெச்சிருக்கறேன். பின்னாடியே ஊடு. லாரி வந்து மேடையில ஏறி நிக்கும், உள்ள கம்ப்யூட்டர்ல எடை விழும், பிரிண்டர்ல சீட்டு வரும். அந்தச் சீட்டு இருந்தாத்தான் தீவன மில்லுல மக்காச்சோளத்தை எறக்க உடுவாங்க. கையில எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்க. அந்தச் சீட்டுத்தான் எங்க சோறு.

கம்ப்யூட்டரு பழசுதாங்க. எக்ஸ்பின்னு ஒரு விண்டோஸு. கெழடுதான், ஆனா ஒரு நாள் லீவு போட்டதில்ல. என்ற பொண்ணு தாரணிதான் அதுல உக்காந்திருப்பா, காலேஜு முடிச்சதுல இருந்து கல்யாணம் வரைக்கும். அவளுக்குக் கம்ப்யூட்டரு பெருசா ஒன்னும் தெரியாதுங்க, சும்மா தட்டிக்கிட்டிருப்பா. ஒருக்கா நின்னு போச்சு. மேடை போட்டுக் குடுத்த கம்பெனிக்குப் போனைப் போட்டுக் காதுல இடுக்கிக்கிட்டே என்னமோ பண்ணி ஓட வெச்சுட்டா. அப்பறம் அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க. மறுக்கா நின்னப்பக் கேக்க ஆளில்ல. அப்பவும் அவளே பொட்டியக் கழட்டி, பூந்துடைப்பத்தால தூசி தட்டி, ஒரு சிடியப் போட்டு, மத்தியானத்துக்குள்ள சீட்டு வர வெச்சுட்டா. கைராசிங்க. சில பேருக்குச் செடி வெச்சாத் தழையும் பாருங்க, அந்த மாதிரி.

மாசி மாசம் கல்யாணம் பண்ணுனோம். மாப்பிள்ளை கோகுல்நாத்து. கோயமுத்தூருல சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காரு. தங்கமானவருங்க. பீடி சிகரெட்டுக் கெடையாது. ஊட்டுல ஒரு சாமான் எடம் மாறி இருக்கக்கூடாது அவருக்கு, அத்தனை சுத்தம். தாரணி போனை வாங்கி உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சு, புது நம்பரு போட்டு, கடையில வாங்குன மாதிரி பண்ணிக் குடுத்துட்டாரு. கூடப் படிச்ச புள்ளைங்க நம்பரெல்லாம் போச்சாம். தேவையில்லாதது எதுக்கு மாமா எடத்தை அடைச்சுக்கிட்டுன்னாரு. அதுவும் சரிதானுங்களே? நாம அவளைக் கூப்புட்டாலும் அவருதான் மொதல்ல எடுப்பாரு. நல்லா விசாரிச்சுட்டு அப்பறம்தான் அவகிட்டக் குடுப்பாரு. இந்தக் காலத்துல மாமனாருகிட்ட யாருங்க இத்தனை பேசறாங்க?

தலை ஆடிக்கு அழைச்சோம். எங்க பக்கம் ஆடி ஒன்னாந் தேதி தேங்கா சுடற நோம்பி. தேங்காயில தண்ணிய எடுத்துட்டு, உள்ள வெல்லம், எள்ளு, பாசிப்பருப்பு போட்டு, குச்சியில குத்தித் தீயில வாட்டறது. புதுசாக் கல்யாணம் ஆனவங்களை அழைச்சு வந்து, துணிமணி எடுத்து, விருந்து வெச்சு, மாப்பிள்ளையை அனுப்பிட்டு, ஆடி முடியற வரைக்கும் பொண்ணைப் பொறந்த ஊட்டுல வெச்சுக்கறது மொறை.

சாப்பிட்டுட்டு மாப்பிள்ளை அப்படியே மேடைப் பக்கம் வந்தாரு. கம்ப்யூட்டரைப் பாத்தாரு. சிரிச்சாரு.

"இது எந்தக் காலத்துது மாமா? வைரஸ் புடிச்சுக் கெடக்கும். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் பத்தே நிமிசத்துல புது விண்டோஸ் போட்டுத் தர்றேன்"னாரு.

"எதுக்குங்க மாப்பிள்ளை, நோம்பியும் அதுவுமா உங்களுக்குச் சிரமம்"னேன். அதான் வாயில வந்துச்சு. வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளைகிட்ட எலையில உப்பு வெக்கட்டுமா வேண்டாமான்னு கேக்கறதுக்கே யோசிக்கணும்.

அப்பத்தான் தாரணி ஓடியாந்தா. கையில தேங்காக் குச்சி. "அப்பா, அதுல எடை மேடைக்குன்னு ஒரு கார்டு இருக்குது. அதோட டிரைவரை மொதல்ல எடுத்து வெச்சுக்கணும். அது வேற எங்கயும் கெடைக்காது"ங்கறா. டிரைவருன்னா லாரி ஓட்டறவன் இல்லீங்க, உங்களுக்கே தெரியும். உள்ள இருக்கற ஒவ்வொரு சாமானுக்கும் கம்ப்யூட்டரோட பேசறதுக்கு ஒரு புரோகிராம் வேணுமாமே, அது. அது இல்லீன்னா சாமான் குத்துக்கல்லாட்டம் உள்ளயே இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது இருக்கறது தெரியாதாம்.

மாப்பிள்ளை திரும்பி அவளை ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான். நானே முந்திக்கிட்டேன். "உள்ள போ கண்ணு, அவருக்குத் தெரியாததா"ன்னேன். போயிட்டா. நல்ல புள்ளைங்க. எதுத்துப் பேசத் தெரியாது.

மேசை டிராயர்ல ஒரு கட்டு சிடி இருந்துச்சு. இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு, எல்லாம் நெட்டுலயே இருக்குதுன்னு மாப்பிள்ளை எடுத்து வெளிய வெச்சாரு. எங்கூட்டுக்காரி பாவாயிக்கு ஒரே சந்தோசம். பின்னாடி கொய்யா மரத்துல கிளித் தொல்லை. சிடியைக் கம்பியில கோத்துக் கட்டித் தொங்க உட்டா வெயிலுக்கு மின்னும், கிளி கிட்ட வராதுங்களே. அத்தனையும் கொண்டு போயிக் கட்டிட்டா. மாப்பிள்ளை கையால எடுத்துக் குடுத்ததுன்னு பக்கத்து ஊட்டுல வேற சொல்லிட்டு வந்தா.

புது விண்டோஸு ஏறிருச்சுங்க. பாக்க அழகாத்தான் இருந்துச்சு, நீலமா, மலையும் கடலுமா. கர்நாடகாவுல இருந்து ஒரு மக்காச்சோள லாரி வந்து மேடையில நின்னுச்சு. எடை விழுவல. லாரி நிக்குது, சோளம் இருக்குது, திரையில ஒன்னுமே இல்ல. மாப்பிள்ளை ஒயரைப் புடுங்கிச் சொருகுனாரு. இந்த விண்டோஸுக்கு அந்தக் கார்டு ஆகாதாம். பரவால்ல மாமா, பழையதையே திருப்பிப் போட்டுடலாம்னாரு. யாருகிட்டயோ பேசி, லேப்டாப்புல எறக்கி, எப்படியோ எக்ஸ்பியைப் போட்டாரு. போட்டா, திரை முச்சூடும் மஞ்சக் கேள்விக்குறி. வரிசையா நிக்குது. ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் ஒரு டிரைவரு வேணுமாம். பென் டிரைவைச் சொருகுனா அதையும் தெரியலங்குது. நெட்டுல இருந்து எறக்கலாம்னா, நெட்டு வர்றதுக்கே ஒரு டிரைவரு வேணுமாம். அந்த டிரைவரு நெட்டுலதான் இருக்குதாம். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்பாங்களே, அதை அன்னிக்கு என்ற கண்ணால பாத்தனுங்க.

நான் பக்கத்துலயே நின்னேன். அவரு ஒன்னைப் போடறாரு, கம்ப்யூட்டரு நீலமாகி நின்னுருது. மறுக்கா அழிக்கறாரு. இன்னொன்னைப் போடறாரு. சவுண்டு வந்துச்சு, கலரு போச்சு. கலரு வந்துச்சு, பிரிண்டரு போச்சு. போதும் மாப்பிள்ளை, நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தைங்க. நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. வாயைத் தொறந்தேன். "மோரு குடிக்கிறீங்களா"ன்னு கேட்டேன்.

மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் குடிச்சாரு.

கடைசியில அவரே, அந்தக் கார்டோட சிடி இருந்தா நல்லாருக்கும் மாமான்னாரு. பாவாயி மரத்துக்கு ஓடுனா. அவுத்து, முந்தானையில தொடச்சுக் கொண்டாந்து குடுத்தா. கம்பி உராஞ்சு ஒரே கீறல். அதுக்குள்ள ஒரு காக்கா வேற தன்ற வேலையக் காட்டியிருந்துச்சு. உள்ள போட்டதும் கரகரன்னு சுத்திட்டு வெளிய தள்ளிருச்சு.

மறு நாள் காலையில மாப்பிள்ளை கெளம்பிட்டாரு. "புதுசா ஒன்னு வாங்கிருங்க மாமா, இதைக் கட்டிட்டு அழுவாதீங்க"ன்னாரு. கம்ப்யூட்டரு புதுசு வாங்கலாம். மேடை பழசாச்சே? புது கம்ப்யூட்டருக்கு ஒத்து வர்ற மாதிரி எல்லாத்தையும் மாத்தறதுன்னா அந்தக் காசுக்கு இன்னொரு மேடையே போட்டுறலாமாம். அதை அவருகிட்ட எப்படிச் சொல்றது?

தாரணியும் கூடக் கெளம்பிட்டா. ஒரு மாசம் இருக்கறதுன்னு வந்தவ, துணியெல்லாம் எடுத்து பீரோவுல அடுக்கியிருந்தா. மாப்பிள்ளைதான், ஆடியாவது ஒன்னாவது, இதெல்லாம் மூடநம்பிக்கைன்னுட்டாரு. பொண்டாட்டிய உட்டுட்டு ஒரு மாசம் இருக்க முடியல பாருங்க. பாவாயி கண்ணைக் கசக்குனா. சந்தோசப்படறதை உட்டுட்டு ஏன்டி அழுவறன்னு அதட்டுனேன். காருகிட்டப் போயித் தாரணி நின்னா. "நான் இருந்து இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டு வர்றனே"ன்னா. என்னைப் பாத்துத்தான் சொன்னா. மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே கதவைத் தொறந்து புடிச்சாரு. ஏறிட்டா.

அதுக்கப்பறம் நான் பட்ட பாடு இருக்குதே. மெக்கானிக்கைக் கூப்புடணும். வர்றவன் மொதல்ல என்ன கேப்பான்? எப்படிங்க போச்சுன்னு கேப்பான். மாப்பிள்ளை தொட்டாரு, போச்சுன்னு சொல்ல முடியுங்களா? கம்ப்யூட்டர் இஞ்சினியர் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் பத்திரிகை வெச்சுக் கூப்புட்டிருக்கறேன். அவரு காதுக்குப் போச்சுன்னா, என்ற பொண்ணுதானுங்க அங்க பேச்சு வாங்கணும். அதனால மின்னல் அடிச்சுதுன்னு சொல்லிட்டேன்.

திருச்செங்கோட்டுல இருந்து வந்தவன் மின்னலான்னுட்டு, கரண்டு வர்ற டப்பாவை மாத்துனான். ஓடல. அடுத்தவன் மின்னலான்னுட்டு, உள்ள இருக்கற மதர்போர்டு போயிருக்கும்னு அதைக் கழட்டிட்டுப் போயி ஒரு வாரம் வெச்சிருந்து கொண்டாந்தான். இன்னொருத்தன் அந்தக் கார்டையே புடுங்கி, இது கருகியிருக்கும்னு தூக்கிப் போடப் பாத்தான். கார்டு கல்லாட்டம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். டிரைவருதான் இல்லைன்னும் தெரியும். சொன்னா யாரு அழிச்சதும்பான். கார்டைக் கையில புடிச்சுக்கிட்டு, பொறுப்பா, பொறுப்பான்னு கெஞ்சுனேன். கடைசியா வந்தவன் கொஞ்சம் வெவரமானவன். "ஏனுங்க, ஆடிக்குப் பொட்டு மழையில்ல, வெறும் காத்து. மின்னல் எங்கிருந்துங்க வந்துச்சு?"ன்னான். அடிச்சுதுப்பா, நான் பாத்தேன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டான்.

இதுக்குள்ள பைபாஸ்ல புதுசா ஒருத்தன் மேடை போட்டுட்டான். லாரிக்காரங்க மொதல்ல நிறுத்தி, ஆச்சுங்களான்னு கேட்டாங்க. அப்பறம் ஆரன் மட்டும் அடிச்சாங்க. இப்பக் கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டே இருக்கறாங்க. தீவன மில்லு மேனேஜரு, ஆவணி பொறக்கறதுக்குள்ள சீட்டு வரலீன்னா பைபாஸ்காரனுக்கே எழுதிக் குடுத்துருவேன்னுட்டாரு. நாளை கழிச்சு ஆவணிங்க. மில்லு போச்சுன்னா மேடை எதுக்கு? ஆடு படுத்துக்கலாம்.

தாரணியா? அவ போன்ல கேட்டுக்கிட்டேதான் இருந்தா. நான் வரட்டுமாப்பா, வந்து பாக்கட்டுமாப்பா, ஒரு வாரம் இருந்தாப் போதும்ப்பான்னு. பாவம், அப்பன் மேல அத்தனை பாசம். நான் வேண்டவே வேண்டாம்னுட்டேன். அவரால ஆகாததை இவ வந்து பண்ணிட்டா அவரு மூஞ்சி என்னாகும்? கேட்டுக்கிட்டே இருக்கவும், "சரியாயிருச்சு கண்ணு, மாப்பிள்ளை போட்டுக் குடுத்ததே ஓடுது, நீ வர வேண்டியதில்ல"ன்னுட்டேன். பக்கத்துல அவரும் கேட்டுட்டு இருப்பாருல்ல, சந்தோசப்படட்டும்னுதான். அவ அப்படீங்களாப்பான்னு மட்டும் கேட்டா. அதுக்கப்பறம் கேக்கறதையே உட்டுட்டா. எனக்கும் நிம்மதி.

கோயமுத்தூரு காந்திபுரத்துல ஒருத்தர் பழைய கம்ப்யூட்டரா வாங்கிக் குவிச்சு வெச்சிருக்காராம். இந்தக் கார்டு அவருகிட்ட இருக்குதாம், டிரைவரும் இருக்குமாம். அதான் கட்டித் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். பொண்ணு ஊட்டுக்குப் போகலீங்க. இந்தப் பொட்டியோட அங்க போயி நின்னா மாப்பிள்ளைக்குச் சங்கடம். வந்த சுவடு தெரியாம திரும்பிறணும்.

இருங்க தம்பி, போன் அடிக்குது. சட்டைப் பையில இருக்குது, கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கையை எடுத்தா பொட்டி சரிஞ்சுரும். யாரு பேரு வருது? ராசுவா? மேடைக்கு எதுத்தாப்புல டீக்கடை. லாரி ஏதாச்சும் வந்திருக்கும்.

சொல்லு ராசு.

யாரு? கண்ணு, நீயா? நீ எப்படி ராசு போன்ல பேசற?

மேடைக்கா? எப்ப வந்த? மாப்பிள்ளை எங்க, காரை நிறுத்திட்டு வர்றாரா? வரலையா? சொல்லிட்டுத்தானே வந்த?

உன்ற போன் எங்க? அங்கயே வெச்சுட்டு வந்துட்டியா? ஏன் கண்ணு?

அம்மா இல்ல, நங்கவள்ளியில சித்தி ஊட்டுக்குப் போயிருக்கறா. கம்ப்யூட்டரா? அது மேசை மேல இல்லையா? அது வந்து, ஜன்னல் வழியாப் பாத்தியா? ஆமா. இங்கதான் இருக்குது. என்ற மடியில. பஸ்ல போயிட்டிருக்கறேன். ஆமா கண்ணு, ஓடல. பொய்தான் சொன்னேன். உனக்காகத்தான்.

சரி, நடந்தது நடந்துச்சு. நீ ஒன்னு பண்ணு. ராசுகிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் புடி. அவரு ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள ஊடு போயிச் சேந்துட்டீன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நான் வேணும்னா காந்திபுரத்துல நின்னு உன்னை...

என்ன?

கண்ணு. தாரணி. இரு. அலோ.

வெச்சுட்டா தம்பி.

போக மாட்டேங்கறா. அழுவலீங்க. அழுதாக்கூட ஏதாச்சும் சமாதானம் சொல்லியிருப்பேன். அடுப்புல பாலு வெச்சிருக்கறேன்னு சொல்ற மாதிரி சொல்றா. "அங்க நான் வாயைத் தொறந்தா உனக்கென்ன தெரியும்ங்கறாங்கப்பா. இங்கயும் அதேதான். ஆனா இங்க மேடையாச்சும் இருக்குது. பொட்டியைக் கொண்டாங்க, நான் பாத்துக்கறேன். என்னை மட்டும் திருப்பி அனுப்பாதீங்க"ன்னா. எங்க எடை மேடைக்கு ஆளு கேட்டு வந்தவளாட்டம் கேக்கறா, என்ற பொண்ணு.

எனக்கு ஒன்னும் ஓடலீங்க. சம்பந்திக்கு என்ன சொல்லுவேன்? ஊருக்கு என்ன சொல்லுவேன்? நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? அவரை ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருப்பனா? அவ வாழணும்னுதானுங்க இத்தனை நாளும் வாயைக் கட்டிட்டு இருந்தேன். அதுக்கா இது? தண்ணி வெச்சிருக்கறீங்களா?

மறுக்கா அடிக்குதே. யாருன்னு பாருங்க. மாப்பிள்ளையா? குடுங்க, குடுங்க. நான் எடுக்கலீன்னா என்ன நெனச்சுக்குவாரு.

இல்ல, இருங்க. வேண்டாம். அடிக்கட்டும். எடுத்தா நான் மறுக்கா எதாச்சும் நல்லபடியாச் சொல்லித் தொலைச்சுருவேன்.

இது என்ன ஊரு, அவினாசியா? கண்டக்டரைக் கூப்புடுங்க தம்பி. காந்திபுரம் டிக்கெட்டுதான், பரவால்ல, எறங்கறேன்னு சொல்லுங்க. சங்ககிரிக்குப் போற பஸ்ஸு எதுத்த பக்கம்தானே நிக்கும்? விசில் அடிக்கச் சொல்லுங்க சாமி, பொட்டியோட என்னால சட்டுனு எந்திரிக்க முடியாது. ஒரு கை குடுங்க. மேடை ரூமும் பூட்டியிருக்குது, ஊடும் பூட்டியிருக்குது. சாவிக் கொத்து என்ற இடுப்புல இருக்குது. அவ வெளியில நிக்கறா.